இடது மூலைக்கு ஒரு மணி

1998 ஜூலை ஆறாம் தேதி, திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, எண்ணூற்று நாற்பத்தோரு மணிகளுக்குள் அடங்க வேண்டியவராக, பாத்திர வாடகைக் கடை ஆவுடையப்பன் மதலேனாளின் கடைப்படி ஏறினார். காதுகள் இரண்டும் மங்கிவிட்டிருந்தன. மூக்கு பாதி மங்கியிருந்தது. வாய் இருக்கும் இடம் தெரிந்தது, வாய் தெரியவில்லை. கூட வந்த மனைவி உலகம்மாள் அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தாள். முழங்கை இன்னும் தெளிவாக இருந்தது.

சேந்தன்குறிச்சியில் ஐம்பதைத் தாண்டியவர்கள் மங்குவார்கள். மற்ற ஊர்களில் மூட்டுவலி வருவதைப் போல இங்கே மங்கல் வரும். காது மடலில் தொடங்கி உள்நோக்கிப் போகும். வலி கிடையாது. அப்படியே விட்டுவிட்டால் ஒருநாள் ஆள் முழுக்க மங்கிவிடுவார். இருப்பார், ஆனால் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. ஊருக்கு வரும் நகரப் பேருந்தில் ஜன்னலோரமாக மூன்று இருக்கைகளில் யாரும் உட்காருவதில்லை. கண்டக்டரும் அந்தப் பக்கம் திரும்பி டிக்கெட் கேட்பதில்லை.

அதனால் மங்கல் மூக்கைத் தொடுவதற்குள் மணியேற்றிவிடுவது ஊர் வழக்கம். மணி என்றால் நூலில் கோக்கிற மணி அல்ல. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய, நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் குழல். ஆளின் தெளிவான புகைப்படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மணி வீதம் எண்ணூற்று நாற்பத்தோரு முளைகள் வைத்த பலகையில் செருகி, மேலே எண்ணெய்த்தாளை விரித்து இஸ்திரி போட்டால் மணிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் ஆள் அதற்குள் வந்துவிடுவார். பேசுவார், கேட்பார், கோபப்படுவார். முகம் மட்டும் மாறாது. கோடை நடுப்பகலில் கொஞ்சம் வளைவார். ராத்திரி அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தால் காலையில் நேராகிவிடுவார்.

மதலேனாள் பதினான்கு வருடமாக இந்தத் தொழிலில் இருந்தாள். கரிப்பெட்டியில்தான் இஸ்திரி போடுவாள். மின்சாரப் பெட்டியை நம்பிய இன்னொரு கடைக்காரர் கூட்டுறவுச் சங்கச் செயலாளரை மணியேற்றும்போது நடுவில் மின்சாரம் போய்விட்டது. செயலாளரின் இடது தோளிலிருந்து இன்றும் மணி உதிர்கிறது. அவருடைய மனைவி தினமும் பெருக்கி அள்ளி வைத்துக்கொள்கிறாள்.

"என்ன மதினி, மூக்கு வரைக்கும் விட்டுட்டீங்களே?" என்றாள் மதலேனாள்.

"நானா விட்டேன்? மார்கழியிலேயே கேட்டேன், மணியேத்திருவோமான்னு. சரின்னாக. மாசியில கேட்டேன். சரின்னாக. எந்தச் சரின்னு நான் கண்டேன்?"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆவுடையப்பன், "சரி" என்றார்.

ஆவுடையப்பனுக்கு அந்த ஒரு சொல்தான். மற்ற சொற்களும் தெரியும், பயன்படுத்துவதில்லை. நூறு நாற்காலி கேட்டாலும் சரி, இருபது ஜமுக்காளம் கேட்டாலும் சரி. ஆனால் தர முடியாதபோது வாயின் இடது மூலை, அதாவது பார்க்கிறவருக்கு இடது, லேசாக மேலே ஏறும். ஒரு நெல்லின் அளவுதான் இருக்கும். அதைப் பார்த்தவர்கள் ஒன்றும் பேசாமல் பக்கத்து ஊர் வாடகைக் கடைக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள். வெளியூர்ச் சம்பந்திகளுக்குக்கூட உள்ளூர்க்காரர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: அண்ணாச்சி சரின்னு சொன்னால் இடது மூலையைப் பாருங்கள்.

வாய் மங்கிய பிறகு அந்த மூலை யாருக்கும் தெரியவில்லை. வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்கு மூன்று கல்யாண வீட்டார் ஒரே நேரத்தில் வண்டியோடு வந்து ஒரே அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்று பேருக்கும் அவர் சரி என்று சொல்லியிருந்தார். வீட்டிலும் இதே கதை. சுண்டைக்காய் வற்றல் போட்டுக் குழம்பு வைக்கட்டுமா என்று உலகம்மாள் கேட்டாள். சரி என்றார். வைத்தாள். தட்டைத் தொடவில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் மதலேனா. கண்ணு, காது எல்லாம் உன் இஷ்டம். அந்த மூலை வந்துரணும்."

மதலேனாள் கட்டக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். மெல்லிய கோடுகளால் கட்டம் போட்ட கண்ணாடி அது. புகைப்படத்தின் மேல் அதை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பாள். ஒரு கட்டத்துக்குள் பாதிக்கு மேல் எது இருக்கிறதோ அந்த நிறத்தில் மணி. பாதிக்குக் கீழே இருப்பது எதுவானாலும் பக்கத்தில் உள்ளதோடு போய்விடும். மூக்குத்திகள் போயிருக்கின்றன. அம்மைத் தழும்புகள் போயிருக்கின்றன. ஒரு வக்கீலின் இரண்டாவது தாடை போனது, அவர் கடிதம் எழுதி நன்றி சொன்னார்.

ஆளை நாற்காலியில் உட்கார்ந்தபடி முழு உருவமாக எடுப்பதுதான் வழக்கம். அப்படி எடுத்தால் வாய்க்கு மூன்று மணி கிடைக்கும். மூன்று மணிகளில் மூலை என்று ஒன்று வராது.

"நாலு பலகையைச் சேர்த்துப் போட்டா?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"முன்னாள் பஞ்சாயத்துத் தலைவருக்கு அப்படித்தான் போட்டோம். நாலு பலகைன்னா நாலு மடங்கு ஆளு மதினி. இப்போ ரைஸ்மில் குடோன்ல இருக்காரு. எதாவது கேக்கணும்னா வெளியே நின்னு கேட்டுட்டு வரவேண்டியிருக்கு. உங்க வீட்டு நிலை எவ்வளவு உயரம்?"

உலகம்மாள் தன் வீட்டு நிலையை மனதில் அளந்து பார்த்துவிட்டு, முடியாது என்று தலையை ஆட்டினாள்.

மிச்சமிருந்த வழி ஒன்றுதான். உருவத்தை நெஞ்சோடு நிறுத்திவிட்டால் முகம் பெரிதாகும். வாய்க்கு ஏழு மணி கிடைக்கும். ஏழில் ஒன்றை மூலைக்குக் கொடுக்கலாம். பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வலது கையை மட்டும் மணியேற்றிக்கொண்டவர். அந்தக் கை இப்போதும் நோட்டுத் திருத்துகிறது, முன்னைவிடத் தாராளமாக மார்க் போடுகிறது. பலகைக்கு வெளியே விடப்பட்ட மற்ற பாகங்கள் எங்கே போகின்றன என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. அவை போய்விடும்.

"நெஞ்சுக்குக் கீழே எதுவும் வராது அண்ணாச்சி" என்று மதலேனாள் அவரிடமே சொன்னாள். "கையி வராது. காலு வராது. உக்கார வெச்ச இடத்துலதான் இருக்கணும். சம்மதமா?"

"சரி" என்றார் ஆவுடையப்பன்.

இரண்டு பெண்களும் அவருடைய வாய் இருந்த இடத்தை உற்றுப் பார்த்தார்கள். ஈரச் சுவரில் விழுந்த வெளிச்சம் போல ஏதோ அசைந்தது. ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியவில்லை.

"காலை வெச்சுக்கிட்டு என்ன செஞ்சாக?" என்றாள் உலகம்மாள், யாரிடம் என்றில்லாமல். "கடைக்குப் போனாக, வந்தாக. நான் தூக்கிட்டுப் போறேன்."

"இன்னொண்ணும் இருக்கு மதினி. மணியேறினா முகம் மாறாது, தெரியும்ல? மூலையைத் தூக்கி வெச்சா எப்பவும் தூக்கித்தான் இருக்கும். எந்தச் சரியும் இல்லைன்னுதான் ஆகும்."

"ஆகட்டும். நாற்காலியாவது உடையாம இருக்கும்."

"வீட்டுக்குள்ள?"

உலகம்மாள் யோசித்தாள். "தூக்கி இருந்தாத்தான் அது அவுக வாயி" என்றாள்.

மங்குகிறவர்களின் பழைய புகைப்படங்களும் கூடவே மங்கும். கடைசியாக எடுத்த படம் முதலில் போகும். ஆவுடையப்பன் ஊரில் நடந்த எல்லா விசேஷங்களிலும் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர் என்பதால் அவர் விழுந்த படங்களே குறைவு. உலகம்மாள் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது 1972-இல் எடுத்த கல்யாணப் படம். கறுப்பு வெள்ளை. ஓரங்களில் மங்கல் ஏறியிருந்தாலும் நடுவில் தெளிவாக இருந்தது. மாப்பிள்ளை பட்டுக்கரை வேட்டியில் நிற்கிறார். பக்கத்தில் பெண் தலை குனிந்து நிற்கிறாள். வேட்டி நுனியும் சேலை நுனியும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறது. பின்னால் ஒரு பெரியவரின் வாய் பேசுகிற தோதில் திறந்திருக்கிறது.

"அது எங்க சின்னையா" என்றாள் உலகம்மாள். "தாலி கட்டி முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் கேட்டாக. என்ன மாப்ளே, எங்க பிள்ளையைப் பிடிச்சிருக்கான்னு. அப்போ எடுத்தது."

"அண்ணாச்சி என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாக?"

மதலேனாள் ஓர் அட்டையை எடுத்துப் படத்தின் மேல் வைத்து மறைத்தாள். நெஞ்சுக்குக் கீழே இருந்த வேட்டி, கால்கள், முடிச்சு எல்லாம் அட்டைக்குள் போயின. இன்னோர் அட்டையைப் பக்கவாட்டில் வைத்தாள். தலை குனிந்த பெண் போனாள். மிச்சமிருந்த முகத்தின் மேல் கட்டக் கண்ணாடியை வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தாள். நெற்றியிலிருந்து தொடங்கிக் கட்டம் கட்டமாக இறங்கினாள். மூக்கில் கொஞ்சம் தாமதித்தாள். வாய்க்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

அவள் நிற்பதைப் பார்த்து உலகம்மாளும் எதையோ நினைத்துக்கொண்டவளைப் போல எழுந்தாள். அதுவரை அவளுக்குத் தோன்றாத விஷயம் அது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் வாயை அவள் பார்க்கவில்லை. இடது மூலை என்று ஒன்று உண்டு என்பதே கல்யாணமாகி மூன்றாம் மாதம் மாமியார் சொல்லித்தான் தெரியும். படத்தில் முகம் ஒரு சுண்டைக்காய் அளவு. வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். மூலை தெரிந்ததில்லை.

"மதலேனா."

"ம்."

"தூக்கியிருக்கா?"

மதலேனாள் கண்ணாடியை ஒரு மயிரிழை நகர்த்தி வைத்துப் பார்த்தாள். திரும்பவும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள்.

"சரிபாதி" என்றாள்.

"அப்படின்னா?"

"மூலைக் கட்டத்துல பாதி உதடு. பாதி கன்னம். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

கடைக்கு வெளியே கோழி வியாபாரி ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு மணியேறிய தன் அண்ணனைக் கேரியரிலிருந்து அவிழ்த்துச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார். உலகம்மாள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கி வெச்சா, அன்னைக்கு அவுக என்னை வேண்டாம்னு சொன்னாகன்னு ஆயிரும்" என்றாள். "தூக்காம வெச்சா, அது அவுக வாயே இல்ல."

"ஆமா."

"பாதி மணி வைக்க முடியாதா?"

"வெட்டி வெச்சா சூட்டுல ஓடிரும் மதினி. ஓடிப் பக்கத்துல ஏறிக்கும். கண்ணு வரைக்கும் போயிரும்."

சரிபாதிக் கட்டங்களுக்கு அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. முகத்துக்கு உரியவரையே கேட்டுவிட வேண்டும். மதலேனாள் பெஞ்சுக்குப் போய் ஆவுடையப்பனின் முன்னால் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள்.

"அண்ணாச்சி, உங்க இடது மூலையைத் தூக்கி வைக்கவா?"

"சரி" என்றார் ஆவுடையப்பன்.

உலகம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. "இவுகளோட இருபத்தாறு வருஷம்" என்று மட்டும் சொன்னாள்.

கேட்டவருக்குக் கிடைத்த பதிலை அப்படியே எடுத்துக்கொள்வதும் தொழில் முறைதான். மதலேனாள் மூலையைத் தூக்குவது என்று குறித்துக்கொண்டாள். பிறகு நிறங்கள். படம் கறுப்பு வெள்ளை என்பதால் உலகம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சட்டை இளநீலம். நெற்றியில் சந்தனம். தோலுக்கு மதலேனாள் ஐந்து டப்பாக்களைத் திறந்து காட்டினாள். உலகம்மாள் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு மணியை எடுத்து அவருடைய முழங்கையில் வைத்துப் பார்த்து, புளித்தண்ணி நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

"தலைக்குக் கறுப்புத்தானே?"

"காதுகிட்ட நரையிலே கொஞ்சம் வை. இந்த வயசுல நான் மட்டும் எப்படித் தனியா நரைச்சுக்கிட்டு நிக்க?"

மதலேனாள் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினாள். மணியேற்றுவதில், மணியைக் கவ்வி எடுக்கும் சாமணத்தைப் பிடிக்கிற கை மட்டும் போதாது. மணியின் ஒரு முனைதான் இஸ்திரிச் சூட்டில் உருகித் துளை அடைபடும். பலகைப் பக்கம் இருக்கிற முனையில் துளை திறந்தே இருக்கும். குரல் துளை வழியாகத்தான் வரும் என்பதால் பலகைப் பக்கம்தான் ஆளுக்கு முகம். ஆகவே எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி அடுக்க வேண்டும். தொழிலுக்கு வரும் பெண்கள் முதலில் செய்யும் தவறு இதுதான். வலது பக்கம் மச்சம் உள்ளவர் இடது பக்கம் மச்சத்தோடு வீட்டுக்குப் போவார், பிள்ளைகள் பயப்படும். மதலேனாள் இந்தத் தவறைச் செய்து பல வருடமாகிவிட்டது.

வகிடு ஆவுடையப்பனுக்கு வலது பக்கம். அதை மாற்றி வைத்தாள். சட்டைப் பையை மாற்றி வைத்தாள். ஒரு புருவம் மற்றதைவிட ஒரு மணி நீளம், அதையும் மாற்றி வைத்தாள். காலையிலிருந்து அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே சொல்: இடது. கடைசி மணியைச் சாமணத்தில் எடுத்து, இடது என்று வாய்விட்டுச் சொல்லி, பலகையில் இடது பக்கம் வைத்தாள். முகம் முழுவதையும் திருப்பி வைத்தவள் அந்த ஒரு மணியை மட்டும் திருப்பாமல் வைத்தாள்.

மறுநாள் ஆவுடையப்பனைப் பெஞ்சில் உட்காரவைத்து, சிரட்டைக் கங்கு போட்டு, எண்ணெய்த்தாளின் மேல் பெட்டியை வட்டமாக ஓட்டினாள். உலகம்மாள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உருகும் வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் உலகம்மாளின் கை தானாக மூடிக்கொண்டது. அதற்குள் முழங்கை இல்லை. இருவரும் பலகையின் மேல் அரிசி மூட்டையை ஏற்றி வைத்துவிட்டுக் காப்பி குடித்தார்கள்.

ஆறியதும் மதலேனாள் அவரைப் பலகையிலிருந்து பெயர்த்துத் திருப்பினாள். நரை வந்திருந்தது. சந்தனம் வந்திருந்தது. புளித்தண்ணி நிறமும் நன்றாகவே வந்திருந்தது. வாயின் வலது மூலை ஏறியிருந்தது.



"மாத்தி வெச்சுட்டேன் மதினி" என்றாள் மதலேனாள்.

உலகம்மாள் அவரைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். மணியேறியவர்களுக்கு முதுகு கிடையாது, பின்பக்கமும் முகம்தான். அந்தப் பக்கத்தில் மூலை சரியாக இடது பக்கம் ஏறியிருந்தது. ஆனால் அது இஸ்திரி பட்ட பக்கம். துளைகள் அடைபட்டிருந்தன. அந்த முகத்தால் பேச முடியாது.

"வலது மூலை தூக்கி நான் பார்த்ததே இல்லையே" என்றாள் உலகம்மாள். "அதுக்கு என்ன அர்த்தம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அண்ணாச்சியைக் கேளுங்க."

"ஏங்க, அதுக்கு என்ன அர்த்தம்?"

"சரி" என்றார் ஆவுடையப்பன், பேசுகிற பக்கத்திலிருந்து.

ஒட்டிய மணியைப் பிரிக்க முடியாது. உலகம்மாள் அவரைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். கூலியை மதலேனாள் வாங்க மறுத்தாள். அதற்காக உலகம்மாள் அவளிடம் ஒரு மாதம் பேசவில்லை. குறை வைத்த வேலை என்று மதலேனாளே நினைப்பதாக அதற்கு அர்த்தம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வாடகைக் கடையில் ஒரு சுழல் நாற்காலி இருந்தது. ஆண்டு விழாக்களில் சிறப்பு விருந்தினருக்காக வாங்கியது, யாரும் சுற்ற விரும்பாததால் சும்மா கிடந்தது. உலகம்மாள் அதில் ஆவுடையப்பனைச் சாய்த்து உட்காரவைத்தாள். யாராவது வந்து பந்தல் சாமான் கேட்டால் அவர் சரி என்பார். உலகம்மாள் நாற்காலியைச் சுற்றிவிடுவாள். கேட்டவர் அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். மறுபக்கம் ஒன்றும் பேசாது, இடது மூலையைத் தூக்கியபடி இருக்கும். ஒரு பக்கம் சரி, ஒரு பக்கம் இல்லை. பிறகு உலகம்மாள் கொஞ்சம் யோசித்து, உண்டு அல்லது இல்லை என்று சொல்வாள். ஊர் ஒரு வாரத்தில் இதற்குப் பழகிவிட்டது. ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு பேர் அண்டா தூக்க வரும் நிலை அதன் பிறகு ஏற்படவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் மதலேனாளின் கடைக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, கொட்டிக்கிடந்த மணிகளை நிறவாரியாகப் பொறுக்கிக் கொடுத்தாள். பேச வந்தவர்கள் அந்தக் கடையில் அப்படித்தான் செய்வார்கள்.

"கேட்டேன்" என்றாள்.

"எதை?"

"சின்னையா கேட்டதை. அன்னைக்கு என்னைப் பிடிச்சிருந்துச்சான்னு."

"என்ன சொன்னாரு?"

"சரின்னாக. சுத்திவிட்டேன். மூலையைத் தூக்கிக்கிட்டு இருந்தாக. திரும்பச் சுத்திவிட்டேன். சரின்னாக." ஒரு பச்சை மணி நீலத்துக்குள் கிடந்தது. அதை எடுத்து அதன் டப்பாவில் போட்டாள். "முன்னெல்லாம் அவுக சொல்றதை நான் புரிஞ்சுக்கிறதா நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்போ ரெண்டு பக்கமும் பார்த்துட்டு நான்தான் சொல்லுதேன். நாற்காலி, அண்டா எல்லாத்துக்கும் சொல்லிருதேன். இதுக்கு மட்டும் சொல்ல வரல."

"பிடிச்சிருந்துச்சுன்னு சொல்லிக்கோங்க மதினி. யாரு கேக்கப் போறா?"

"நான் சொல்லிக்கிட்டா அது நான் சொன்னதுதானே."

தொழிலில் இதற்கு முறை எதுவும் இல்லை. மதலேனாள் அந்தக் கல்யாணப் படத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். அட்டைகளால் மறைத்திருந்த இடங்கள் படத்தில் வெள்ளையாக இருந்தன. மணியேற்றிய படங்களில் அது வழக்கம்தான். நெஞ்சுக்குக் கீழே ஒன்றுமில்லை. பக்கத்திலும் ஒன்றுமில்லை. பின்னால் சின்னையாவின் திறந்த வாய் மட்டும் அப்படியே இருந்தது, இன்னும் யாரையோ கேட்டுக்கொண்டு.

உலகம்மாள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வருடங்கள் போயின. கூட்டுறவுச் சங்கச் செயலாளரின் தோள் முழுவதும் உதிர்ந்தது. பேருந்தில் யாரும் உட்காராத இருக்கைகள் ஐந்தாயின. முன்னாள் தலைவருக்காக ரைஸ்மில் குடோனின் கூரையை உயர்த்தினார்கள். மதலேனாளின் பார்வை குறைந்து, கட்டக் கண்ணாடியில் கோடுகளைத் தடிப்பாக்கிக்கொண்டாள். அதன் பிறகு அவள் மணியேற்றியவர்கள் முன்னைவிடக் கொஞ்சம் எளிமையானவர்களாக வந்தார்கள். சிலருடைய வீட்டில் அதையே விரும்பினார்கள். உலகம்மாள் தினமும் நாற்காலியைச் சுற்றினாள். கடை மூடிய பிறகு, ஷட்டரை இறக்குவதற்கு முன், ஒரு தடவை தனக்காகவும் சுற்றினாள். அந்தப் பக்கமாகப் போகிறவர்கள் அப்போது உள்ளே பார்ப்பதில்லை.

2004 ஆகஸ்ட் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, இரண்டு கால்கள் மதலேனாளின் கடைப்படி ஏறின. இடுப்பு வரை இருந்தன. மங்கல் கொஞ்சமும் இல்லை. இருபத்தைந்து வயதுக் கால்கள், பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தன. கால், வேட்டி, கரை எல்லாம் கறுப்பு வெள்ளையில் இருந்தன. நிறைய நடந்தவை என்று பாதங்களைப் பார்த்தால் தெரிந்தது. வெடிப்புகளில் இந்தப் பக்கத்து மண் இல்லை, கடல் மணலும் கரிசலும் இருந்தன. அவை பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தன.

வேட்டி நுனியில் முடிச்சு இருந்தது. அவிழவில்லை. முடிச்சின் மறுபக்கத்தில் இரண்டு முழம் சாம்பல் நிறச் சேலை தொங்கிக்கொண்டிருந்தது.

மதலேனாள் வாடகைக் கடைக்குச் சொல்லி அனுப்பினாள். உலகம்மாள் மதியச் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். வாசலில் நின்று கால்களைப் பார்த்தாள். குனிந்து முடிச்சை விரலால் தொட்டு, நெருடிப் பார்த்தாள். ஆறு வருட நடையில் அது இறுகிப் புளியங்கொட்டை போலாகியிருந்தது.

"பலகை எடுக்கவா மதினி?"

"வேண்டாம். மணியேத்திட்டா அப்புறம் எப்படி நடக்கும்?" என்றாள் உலகம்மாள். பிறகு கால்களிடம், "வீட்டுக்குத்தானே?" என்று கேட்டாள்.

கால்கள் எழுந்தன. உலகம்மாள் சேலைத் துண்டின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். கால்கள் முன்னே நடந்தன, அவள் பின்னே போனாள். கடைவீதியில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அன்று பிற்பகல் நாலு மணிக்கு, யாரும் கை வைக்காமல், அடியில் ஊன்றிய இரண்டு கால்கள் உந்த, வாடகைக் கடைச் சுழல் நாற்காலி பேசாத பக்கத்திலிருந்து தானே திரும்பிப் பேசுகிற பக்கத்தில் வந்து நின்றது. பெருங்குளத்துக்காரர் ஒருவர் ஆவணி முகூர்த்தத்துக்கு இருநூறு நாற்காலி கேட்டிருந்தார்.